கை படாத படம்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் ஸ்டுடியோவில் நடந்த சண்டை நினைவிருக்கும். கணவரை இழந்த ஓர் அம்மாள், இங்கே எடுத்த அவருடைய கடைசிப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "முகத்துல ஒரு சுருக்கம்கூட இல்லை. இது யாரோ, எங்க வீட்டுக்காரர் இல்லை" என்று கவுன்ட்டரில் நின்று அழுதாள். வேலை முடிந்ததும் கை வைக்காத அசல் படத்தை அழித்துவிட வேண்டும், அது வாடிக்கையாளர் கண்ணில் படவே கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். கடைக்காரரின் தம்பியான கொழுந்தனோ அத்தனை அசலையும் யாருக்கும் தெரியாமல் ஒரு டிஸ்கில் சேர்த்து வைத்திருந்தான். அதிலிருந்து ஒரு படத்தை எடுத்து அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டான். அண்ணனுக்கு வந்ததே கோபம்! நாலு பேர் முன்னால் தம்பியை வெளியே போகச் சொன்னார். அவனும் டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனவன்தான்.

இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவள் அண்ணி. கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறது. நாமும் அப்படியே கூப்பிடுவோம். திரைக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முகங்களுக்கு டச் கொடுப்பது அவள் வேலை. கண்ணுக்குக் கீழே கறுப்போ, பையோ, கோடோ, எது இருந்தாலும் அவள் கை பட்டால் போன இடம் தெரியாது.

அப்படிப்பட்டவளின் புருஷனுக்கே கண்ணுக்குக் கீழே கறுப்பு வந்ததுதான் வேடிக்கை.

ஊரில் அவருக்கு ஸ்மைல்காரர் என்று பெயர். படமெடுக்கும்போது அவர் "ஸ்மைல்!" என்று போடும் அதட்டலில், சிரிக்கவே மாட்டேன் என்று வந்தவர்கள்கூடப் பயந்துபோய்ச் சிரித்துவிடுவார்கள். போன மாதம் படமெடுக்க வந்த ஒரு கல்லூரிப் பெண், "சார், நீங்க தூங்கவே மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். மனுஷனுக்கு அது ரோஷமாகப் போய்விட்டது.

அன்று தொடங்கியது வைத்தியம். வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு படுத்தார். சற்று நேரத்தில் அந்த வட்டங்கள் அவர் வாய்க்குள் போயிருந்தன. ஃப்ரிட்ஜில் ஸ்பூனைக் குளிர வைத்து ஒத்தடம் கொடுத்தார். வீட்டில் டீ கலக்க ஸ்பூன் இல்லாமல் போயிற்று. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் போனில் ஒரு க்ரீம் பெயர் சொன்னாள். அதையும் வாங்கித் தடவினார். வலது கண்ணுக்குக் கீழே கொஞ்சம் வெளுத்தது. இடது கண் மட்டும் நான் அசையமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது.

கடைசியில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான், "இது க்ரீமுக்கு அடங்கற விஷயமாத் தெரியல. டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றார். அதைக் கேட்ட நாளிலிருந்து அண்ணி அவரை விடவில்லை. இன்று காலையில் ஒருவழியாக இழுத்துக்கொண்டு போய்க் கண் டாக்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டாள்.

டாக்டரம்மாவுக்கு நிதானமான குரல். முதலில் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு அண்ணியையும் கூப்பிட்டார்.

"ரெண்டு கண்ணு கீழயும் கறுப்பு இருக்கு, சுருக்கம் இருக்கு. அது வயசு. வெயில், தூக்கம், பரம்பரை, எல்லாம் சேர்ந்து வர்றது. அதைப் பத்திக் கவலைப்படவே வேண்டாம்" என்றார். "ஆனா ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இல்லை. இடது கண்ணு கீழ வீக்கம் ஜாஸ்தி. கண்ணே ஒரு துளி முன்னால தள்ளிக்கிட்டிருக்கிற மாதிரி தெரியுது. இது எப்பலேர்ந்து இப்படி?"

"பிறந்ததுலேர்ந்தே இப்படித்தான் டாக்டர்" என்றார் ஸ்மைல்காரர், கேள்வி முடிவதற்குள்.

டாக்டர் அண்ணியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

அண்ணி புருஷனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஊரில் உள்ள அத்தனை பேர் கண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் அவள். எதிர்வீட்டுக்காரருக்கு எந்த இமை தாழ்ந்திருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். தன் புருஷனின் இடது கண் கல்யாணமானபோது எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. முகம் சுருங்கிப் போயிற்று அவளுக்கு.

"பழசுன்னா விட்டுடலாம். சில பேருக்கு முகமே அப்படித்தான். புதுசுன்னா, கண்ணுக்குப் பின்னால எதாவது இருந்து தள்ளுதான்னு ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும். தைராய்டா இருக்கலாம், கட்டியா இருக்கலாம். விட்டுட்டா பார்வைக்கே ஆபத்து."

"ஸ்கேன்லாம் எதுக்கு டாக்டர்? பிறவியிலேயே இருக்கறதுக்கு..."

"சரி, ஸ்கேன் வேண்டாம்னா பழைய போட்டோ கொண்டு வாங்க. அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால எடுத்தது, போன வருஷம் எடுத்தது. பார்த்தாத் தெரிஞ்சிடும்."

"போட்டோவுக்கா பஞ்சம்? ஸ்டுடியோ வச்சிருக்கோம் டாக்டர்!" என்றாள் அண்ணி. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டாள்.

டாக்டரும் சிரித்துவிட்டார். "அப்ப இன்னும் சுலபம். நாளைக்கே வாங்க."

ஸ்மைல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார்.

ஸ்டுடியோ சுவரில் குடும்பப் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். அண்ணி வந்ததும் வராததுமாக ஸ்டூலைப் போட்டு ஏறி எல்லாவற்றையும் கழற்றினாள். கடை திறந்த அன்று எடுத்தது. மகள் பட்டம் வாங்கிய அன்று மூவருமாக நின்றது. அண்ணனும் தம்பியும் தோள்மேல் கை போட்டுக்கொண்டிருப்பது. மேஜை விளக்கைப் போட்டு ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக அடுக்கி வைத்தாள்.

எல்லாப் படத்திலும் இரண்டு கண்ணும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. பிறவியிலேர்ந்துன்னீங்க? இதுல ஒண்ணுலயும் இல்லையே!"

புதுசுதான். ஸ்கேன்தான். கட்டியோ என்னவோ.

அவர் வந்து எட்டிப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நல்லாப் பாரு."

பார்த்தாள். வலது கண்ணின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு. நுனியில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை மேலேயும் ஒரு கிளை கீழேயும் போயிற்று. இடது கண்ணின் ஓரத்திலும் அதே கோடு, அதே பிரிவு. அடுத்த படத்தை எடுத்தாள். அதிலும் அப்படியே.

அண்ணிக்கு விளங்கிவிட்டது. அது அவளுடைய கைவேலை. இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சரி செய்தால் நேரம் பிடிக்கும். அதனால் வலது கண்ணுக்குக் கீழே சுத்தம் செய்து, அந்தத் துண்டை வெட்டியெடுத்துத் திருப்பிப் போட்டு இடது கண்ணுக்குக் கீழே ஒட்டிவிடுவாள். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வாள். யாருக்கும் தெரிந்ததில்லை. சொந்தப் புருஷனுக்கும் அதே பூச்சு, அதே மெழுகல்.

அவருக்கு இடது கண் எப்படி இருந்தது என்பதற்கு இந்த வீட்டில் சாட்சியே இல்லை. இருந்த சாட்சியையெல்லாம் அவளே அழித்திருக்கிறாள்.

"இதைக் கொண்டுபோய்க் காட்டினா டாக்டர் புதுசுன்னுதான் சொல்லுவாங்க. வீணாப் பயமுறுத்துவாங்க. இதெல்லாம் நீ வரைஞ்ச கண்ணுடி" என்றார் ஸ்மைல்காரர். அவர் குரலில் ஏதோ ஒரு தெம்பு வந்திருந்தது. "விடு. எப்பவும் இருக்கறதுதான். நாளைக்கு எங்கயும் போக வேண்டாம்."

"மகள் போன்ல எடுத்தது இருக்குமே?"

"அவ போனே தானாச் சுருக்கத்தை எடுத்துடும், எல்லாரும் வெள்ளையாத் தெரிவாங்க. பிறந்த குழந்தை மாதிரி."

அது உண்மைதான். அண்ணி படங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உங்க தம்பிகிட்ட அசல் இருக்கும்."

அவ்வளவுதான், ஸ்மைல்காரரின் முகம் கல்லாகிவிட்டது. "அவன் பேச்சை இந்தக் கடையில எடுக்காதேன்னு சொன்னேனா இல்லையா? அவன்கிட்ட போய் நின்னே, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, காமிராவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது காலையிலேயே துடைத்த காமிரா.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்தார். அண்ணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் தாண்டிய பிறகுதான் காலில் போட்டாள்.

கொழுந்தன் இப்போது ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அறை எடுத்திருக்கிறான். படியேறும்போதே ரப்பர் வாசனை. உள்ளே ஒரு வெள்ளைத் துணி, இரண்டு விளக்கு, நடுவே ஒற்றைச் செருப்பு. அதைக் குனிந்து படமெடுத்துக்கொண்டிருந்தான். ஆன்லைனில் விற்பவர்களுக்காம்.

அண்ணியைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்தான். முகத்தில் சந்தோஷம் வந்தது. வந்த வேகத்தில் அதை மறைத்தும் கொண்டான்.

"வாங்க அண்ணி. உட்காருங்க." இருந்த ஒரே நாற்காலியில் இருந்த செருப்புகளைக் கீழே தள்ளினான். "முகத்துக்குச் சுருக்கம் எடுக்கக் கூடாதுன்னு சண்டை போட்டு வெளியில வந்தேன். இங்க செருப்புக்குச் சுருக்கம் எடுக்கச் சொல்றாங்க."

வேறொரு நாளாக இருந்தால் அண்ணி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"தம்பி, எனக்கு உங்க அண்ணன் படம் வேணும். நான் கை வைக்காத படம். பழசுலேர்ந்து புதுசு வரைக்கும்."

அவன் எதற்கு என்று கேட்கவில்லை. அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். "ஆனா அவர் எப்பவும் காமிராவுக்குப் பின்னாலதானே நிப்பார்? அவரை எடுத்ததே நாலஞ்சு படம்தான். உன்கிட்ட இருக்குமா?"

"நிறைய இருக்கு அண்ணி. லைட் பார்க்க எடுத்தது."

அவளுக்குப் புரிந்தது. வாடிக்கையாளர் உட்காருவதற்கு முன்னால் விளக்கு சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக அண்ணன் போய் ஸ்டூலில் உட்காருவார், தம்பி ஒரு படம் எடுத்துப் பார்ப்பான். சரி என்றால் அண்ணன் எழுந்துவிடுவார். யாருக்கும் வேண்டாத படம். திரைக்குப் பின்னால் இருக்கும் அவள் வரைக்கும் அது வந்ததே இல்லை.

"அதையுமா அழிக்காம வச்சிருந்தே?"

"மனசு வரல."

டிஸ்கை மாட்டினான். திரையில் ஸ்மைல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தலை நிறைய கறுப்பு முடி. சிரிக்கச் சொல்ல யாரும் இல்லாததால் சும்மா உட்கார்ந்திருக்கிற முகம்.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அடுத்தது. அடுத்தது. நெற்றி ஏறிக்கொண்டே போயிற்று. மகள் வேலைக்கென்று வேறு ஊர் போன வருஷத்தில் கண்ணுக்குக் கீழே முதல் கோடு விழுந்திருந்தது. பிறகு கறுப்பு படிந்தது, இரண்டு பக்கமும் சமமாக. தோல் தளர்ந்தது. ஒரு படத்தில் கொட்டாவி, ஒரு படத்தில் யாரையோ பார்த்து முறைப்பு, ஒரு படத்தில் தம்பியிடம் ஏதோ சொல்லிக் குலுங்கிச் சிரிக்கிறார். அப்போது கண்ணோரக் கோடெல்லாம் விசிறி போல விரிந்திருந்தது. இந்த மனுஷன் எப்போது இவ்வளவு வயசானார்? கூடவே இருந்தும் அவள் பார்க்கவில்லையே. அவளுக்கு அழுகை வந்தது. அந்தக் கோடுகள் அவளுக்கு அழகாகவும் இருந்தன, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு தம்பி? சமமாத்தானே இருக்கு?"

"இதுவரைக்கும் சமம்தான்."

அதற்கு மேல் கொழுந்தன் ஒவ்வொன்றாகத் தள்ளவில்லை. இடையில் இருந்ததையெல்லாம் தாண்டி நேராக ஒரு படத்தைத் திறந்தான். இந்த வருஷத் தொடக்கத்தில் எடுத்தது. இடது கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன மேடு. தேடாதவர் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த படத்தில் அது வளர்ந்திருந்தது. கடைசிப் படத்தில், இன்று காலையில் டாக்டர் பார்த்த அதே கண்.

புதுசுதான். சந்தேகமே இல்லை.

அண்ணிக்கு இன்னொரு விஷயமும் மனசில் தட்டியது. இத்தனை படத்துக்கு நடுவில் இவன் எப்படித் தேடாமல் கொள்ளாமல் அந்த இடத்துக்குப் போனான்?

"உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

கொழுந்தன் செருப்பைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"தம்பி, உன்னைத்தான் கேக்கறேன்."

"தெரியும் அண்ணி. லைட் பார்க்கும்போது திரையில பெருசாத் தெரியுமில்ல? ஒரு பக்கம் மட்டும் நிழல் ஜாஸ்தியா விழுந்துச்சு. லைட்டை எத்தனை தடவை மாத்தினாலும் போகல. அப்பத்தான் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்." பக்கத்திலிருந்த விளக்கைச் சும்மா திருப்பி வைத்தான். "அப்புறம் ஒரு நாள் லென்ஸ் மூடியை மேஜை மேல வைக்கிறேன்னு பக்கத்துல காத்துல விட்டார். கீழ விழுந்துச்சு. என்னன்னு கேட்டேன். எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுடான்னார்."

"என்னது?"

"ஒரு கண்ணை மூடிக்கிட்டா சரியாயிடுதாம். காமிராவுக்கு ஒரு கண்ணு போதும்டா, வேலைக்கு ஒரு குறையும் இல்லைன்னு சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல. டாக்டர்கிட்ட போங்க, இல்லாட்டி அண்ணிகிட்ட சொல்லிடுவேன்னு சொன்னேன். அதுலேர்ந்து என்னோட முகம் கொடுத்துப் பேசறதில்ல. அப்புறம்தான் அந்த அம்மா படத்தைத் தூக்கிட்டு வந்தாங்க."

அண்ணி மெல்ல எழுந்தாள். "அப்ப அந்தச் சண்டை அசல் படத்துக்காக இல்லையா?"

"அது ஒரு சாக்கு. அன்னிக்கு அந்த அம்மா வராம இருந்திருந்தா வேற ஏதாவது சொல்லி என்னை விரட்டியிருப்பார்."

"விரட்டினா என்ன? நீ எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லக் கூடாதா?" அவள் குரல் உடைந்தது. "இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கியே!"

"கோபத்துல இருந்தேன், அது தப்புதான்." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்: "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன் அண்ணி. தினமும் பார்க்கற முகமாச்சே."

அவன் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் அது அண்ணியின் நெஞ்சில் போய்த் தைத்தது.

"டிஸ்கை எடுத்துக்கோ. கிளம்பு."

"நானா? அண்ணன் என்னை..."

"என்ன பண்ணிடுவார்? நான் இருக்கேன், வா."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஸ்மைல்காரர் எழுந்துவிட்டிருந்தார். விளக்கு எதுவும் போடாமல், படமெடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் தனியாக உட்கார்ந்திருந்தார். கொழுந்தன் வாசற்படியிலேயே நின்றுகொண்டான். அண்ணி மட்டும் உள்ளே போய் அவருக்கு நேர் எதிரே நின்றாள்.

"எங்க போயிருந்தே?"

"நீங்க போகக் கூடாதுன்னு சொன்ன இடத்துக்கு."

ஒரு கத்தல் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவர் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின.

"பார்த்தியா?"

"பார்த்தேன். பிறவியிலேர்ந்து இல்லை. இந்த வருஷம்தான்." அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். "நான் ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம பதில் சொல்லுங்க. இப்ப நான் எத்தனை பேராத் தெரியறேன்?"

ஊரையே சிரிக்கச் சொல்லுகிற மனுஷன் தானும் ஒரு சிரிப்புக்கு முயற்சி செய்தார். பாதிதான் வந்தது.

"ரெண்டு பேர். ஒருத்திகிட்ட பொய் சொல்றதே எனக்குக் கஷ்டம். ரெண்டு பேரும் சேர்ந்து இப்படி முறைச்சா நான் என்னதான் செய்வேன்?"

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கிட்டே போய் அவர் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மெதுவாக மூடினாள்.

"இப்ப?"

"ஒருத்திதான்."

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"சொன்னா கண்ணுக்கு என்னவோன்னு பயந்துடுவே. காமிராவைக் கீழ வைன்னுவே. கடையை மூடுன்னுவே. எனக்கு வேற என்ன தெரியும் சொல்லு?" என்றார். "பயம்தான். வேற ஒண்ணும் இல்லை."

"நாளைக்கு ஸ்கேன் எடுக்கறோம். மத்ததெல்லாம் அப்புறம்."

அவர் தலையாட்டினார். அப்போதுதான் அவளைத் தாண்டி அவர் பார்வை வாசலுக்குப் போயிற்று. வெளிச்சத்தில் ஓர் உருவம், தோளில் பையுடன்.

"அது யாரு?"

"உங்க தம்பி. படமெல்லாம் அவன்கிட்டதான் இருக்கு. நாளைக்கு நம்மகூட வர்றான்."

வாசலில் நின்றவன் ஒரு காலை உள்ளே வைத்து, பிறகு பின்னால் எடுத்துக்கொண்டான்.

அண்ணியின் உள்ளங்கை நனைந்தது. அவள் கையை எடுக்கவில்லை. ஸ்மைல்காரர் மூடாத கண்ணால் தம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே வா என்று இன்னும் சொல்லவில்லை.